40 வயசுக்கு முன்னாடியே காதைப் பாருங்க

தண்டலம், ஒரகடம் பக்கம் கம்பெனி நடத்துறவங்க, ஹெச்.ஆர். நண்பர்கள் கவனத்துக்கு.

நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்தாச்சு. 40 வயசு தாண்டின தொழிலாளிக்கு வருஷா வருஷம் கம்பெனி செலவுல உடல் பரிசோதனை செய்யணும்னு மத்திய அரசு சொல்லுது. உடனே பலருக்கும் தோணுறது ஒருநாள் கேம்ப். சுகர், பிபி, பேனரோட ஒரு போட்டோ.

சுகர், பிபி பார்க்க நாங்க இருக்கோம், அரசு ஆஸ்பத்திரியில இலவசம்தான். நீங்க பார்க்க வேண்டியது உங்க ஷாப் ஃப்ளோர் குடுக்கிற நோயை. பிரஸ் ஷாப்ல நிக்கிற பையனுக்கு 22 வயசுதான். 85 டெசிபலுக்கு மேல தினம் 8 மணி நேரம்னா, சில வருஷத்துலயே காது பழுதாகலாம். போன கேள்திறன் திரும்பாது. இரைச்சலால வர்ற செவித்திறன் இழப்பு அறிவிக்க வேண்டிய தொழில் நோய். பார்க்கிற டாக்டரும் எழுதித் தெரிவிக்கணும்.

அதனால வயசு பார்க்காம, வேலைக்குச் சேரும்போதே ஆடியோமெட்ரி எடுங்க. (நாளைக்கு வழக்குன்னு வந்தா உங்களுக்கும் அதுதான் ஆதாரம்.) நியமனக் கடிதம் எல்லாருக்கும் கட்டாயம் ஆயிடுச்சு. அதுல என்ன வேலைன்னு தெளிவா போடுங்க. "கான்ட்ராக்ட்ல இருக்கேன் சார்"னு மட்டும் சொன்னா நான் என்னன்னு எழுதுறது?

ரிப்போர்ட் ஒரு காப்பி அவங்க கையிலயும் குடுத்துடுங்க. கான்ட்ராக்ட் ஆள் ஆறு மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிடுவார். உங்க ஃபைல்ல கிடக்கிற ஆடியோகிராம் எங்க ஓபிக்கு வராது.