சாம்பலின் வேதியியலும் அதை அள்ளும் கைகளும்

உமியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையங்கள் பசுமை ஆற்றலின் முன்மாதிரியாகப் போற்றப்படுகின்றன. பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குஹா சிற்றூரில் 2007இல் அத்தகைய நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இருளில் கிடந்த பல ஊர்கள் அதே வழியில் ஒளி பெற்றன. அப்பயனை நாம் மறுக்கவில்லை. விளக்கெரிந்தபின் எஞ்சும் சாம்பலைப் பற்றியே கேட்கிறோம்.

சுமார் 32 கிலோவாட் திறனுள்ள நிலையம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோ உமியை உட்கொள்கிறது. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். இரவில் 6 மணி நேரம் இயங்கினால் 60 கிலோ. முழுதும் எரியாத கரியும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

அச்சாம்பலில் பெரும்பாலும் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா. எஞ்சியவை பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் முதலியவற்றின் சேர்மங்கள். குறைந்த வெப்பத்தில் உண்டாகும் சிலிக்கா படிக வடிவற்றது. சிமெண்டில் கலக்க ஏற்றது. வெப்பம் மிகுந்தால் அதுவே கிறிஸ்டோபலைட் என்னும் படிகமாகிறது. உலையின் எரிமண்டலத்தில் வெப்பம் 1000 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். மூச்சில் நுழையும் படிகச் சிலிக்காத் தூசியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கோசிஸ் நோய்க்கும் அத்தூசியே காரணம். ஆகவே ஒரு சாம்பல் குவியல் பயன்பொருளா, நஞ்சா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. சோதித்தே அறிய வேண்டும்.

சட்டமோ வேறு திசையில் பார்க்கிறது. சாம்பல் பயன்பாட்டுக்கான 1999, 2021ஆம் ஆண்டு அறிவிக்கைகள் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி அனல்மின் நிலையங்களுக்கானவை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிலிக்கோசிசை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது. ஆனால் மின்விசையுடன் 10 பேர் உழைக்கும் இடமே அதன்படி தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணிக்கையை 20 ஆக உயர்த்தியது. விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களால் இயங்கும் ஊரக நிலையம் இவ்வரம்பை எட்டுவதே இல்லை.

சட்டம் விலகி நிற்கும் இடத்தில் சாதி வேலையைப் பங்கிடுகிறது என்பதை நாம் அறிவோம். கையால் மலம் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டங்கள் தடை செய்தன. கழிவுநீர்த் தொட்டி மரணங்கள் இன்னும் நிற்கவில்லை. கழிவு எனப் பெயர் பெற்ற எதையும் ஒடுக்கப்பட்டோரின் கைகளுக்குத் தள்ளும் சமூகத்தில், சாம்பல் மட்டும் விதிவிலக்காகும் என்று நம்ப இடமில்லை.

எனவே நாம் கோருவது இவை: ஒவ்வொரு நிலையத்தின் சாம்பலிலும் படிகச் சிலிக்காவின் அளவு சோதிக்கப்பட வேண்டும். சாம்பலை நனைத்தே அள்ள வேண்டும். தூசி வடிகட்டும் முகக்கவசம் கட்டாயமாக வேண்டும். ஆள் எண்ணிக்கை பாராமல் மருத்துவப் பரிசோதனை வேண்டும். சாம்பல் அள்ளுவோர் எச்சமூகத்தவர் என்ற கணக்கெடுப்பும் வெளியிடப்பட வேண்டும். ஆற்றலின் தூய்மையைப் புகைபோக்கியில் மட்டும் அளந்தால் போதாது. சாம்பல் அள்ளுபவரின் நுரையீரலிலும் அளக்க வேண்டும்.