மலை சாரலுக்கு மட்டும்தானா?

சாரல் தொடங்கினால் போதும். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நம் வேன்கள் குற்றாலத்திற்கு விரைகின்றன. குளியல், பிரியாணி, வழியெங்கும் நெகிழிக் குப்பை. மற்ற மாதங்களில் காட்டுவழி நடக்கலாம் என எவரேனும் அழைத்தால், "வீண் பொழுதுபோக்கு" என முகம் சுளிக்கிறோம்.

எது வீண்? ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் சிந்தித்து நோக்கத் தூண்டும் அல்காஷியா அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம்; கண்ணெதிரே நிற்கும் மலையைக் காட்ட மறுக்கிறோம். சாரலில் பெருகும் அருவி கோடையில் வெறும் பாறையாகிறது. இரண்டையும் கண்ட பிள்ளையே உளூவின் தண்ணீரை வீணாக்கத் தயங்கும்.

ஆகவே மாதம் ஒரு நாள் ஃபஜ்ர் தொழுது புறப்படுவோம். வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டுமே நடப்போம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்ற பலரைப் பலிகொண்டதை மறவோம்; தீக்காலத்தில் பாதை மூடப்பட்டால் குளக்கரையில் நடப்போம். ஊரையடுத்த காட்டுக்குக் கஸ்ர் சலுகை இல்லை. லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுவோம்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். காட்டுப்பாதைக்கு அது பொருந்தாது என நமக்கு யார் சொன்னது?