மைதானத்தை இரண்டு சுற்று

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு மல்லிகைப்பூ தொடுக்க உட்கார்ந்தேன். எதிர்வீட்டுத் தங்கச்சி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு வந்தாள். பெண் வயசுக்கு வந்துவிட்டாளாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சடங்கு.

எனக்கு ரொம்ப சந்தோஷம். "பிள்ளை எப்படி இருக்கா? ஸ்கூல்ல ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சாளே, மாவட்டப் போட்டிக்கு எப்போ போறா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இனிமே எதுக்குக்கா? பெரிய மனுஷி ஆயிட்டா. கால்சட்டை போட்டுக்கிட்டு ஓடினா நல்லாவா இருக்கும்? அவுக அப்பா ஒரே பேச்சா வேண்டாம்னுட்டாக. எங்க அத்தையும், பொட்டப்புள்ள ஓடினா கர்ப்பப்பை இறங்கிப் போகும்னு சொல்றாக. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் போன பிறகும் எனக்குப் பூவில் கை ஓடவில்லை. எட்டாம் வகுப்பில் நானும் ஓடினவள்தான். என்னையும் ஒரு சடங்குதான் நிறுத்தியது. அதற்குப் பிறகு நான் ஓடினதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான்!

அந்தப் பெண் ஜெயித்தது 800 மீட்டர் பந்தயத்தில். பெரிய மைதானத்தில் முழுசாக இரண்டு சுற்று. இந்த இரண்டு சுற்றுக்கு ஒரு கதை இருக்கிறது, சகோதரிகளே. அதைக் கேட்டால் எதிர்வீட்டு மாமியாரும் உலகத்துப் பெரிய மனிதர்களும் ஒரே மாதிரி பேசியிருப்பது தெரியும்.

1896-இல் ஏதென்ஸ் நகரில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது அதில் ஒரு பெண்கூடக் கிடையாது. 1900-இல் பாரிஸில் 997 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் பெண்கள் 22 பேர். தடகளத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1928-ஆம் வருஷம், ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவர்களுக்குக் கொடுத்தது மொத்தம் ஐந்தே போட்டிகள். அதில் ஒன்று இந்த 800 மீட்டர்.

ஜெர்மனியைச் சேர்ந்த லினா ராட்கே உலக சாதனை நேரத்தில் ஓடி முதலாவதாக வந்தார். ஓடி முடித்த சிலர் களைப்பில் புல்தரையில் சாய்ந்தார்கள். ஓடினால் மூச்சு வாங்காதா? ஆண்கள் சாய்ந்தால் "உயிரைக் கொடுத்து ஓடினான்" என்பார்கள். பெண்கள் சாய்ந்ததும் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. பெண் உடம்பு இதையெல்லாம் தாங்காது, சீக்கிரம் கிழடுதட்டிவிடும் என்று எழுதினார்கள். பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். அப்புறம் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்ப வந்தது. இடையிலே 32 வருஷம், ஒரு பெண் தனியாக ஓடும் பந்தயம் எதுவும் ஒலிம்பிக்கில் 200 மீட்டரைத் தாண்டவில்லை!

விளையாட்டு மைதானம் ஒரு நிலைக்கண்ணாடி மாதிரி. வெளியிலே உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் உள்ளேயும் தெரியும். அதே 1928-இல் நம் ஆண்கள் ஹாக்கியில் முதல் தங்கம் வாங்கினார்கள். ஆனால் அன்றைக்கு நாடு நம்முடையதாக இல்லை. சுதந்திரம் வந்து ஒரு வருஷத்துக்குள், 1948 ஆகஸ்ட் 12 அன்று, லண்டனிலேயே இறுதிப் போட்டியில் பிரிட்டனை 4-0 என்று ஜெயித்தோம். நேற்றுவரை நம்மை ஆண்டவர்களின் ஊரில், நம்முடைய கொடி ஏறியது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களை ஒதுக்கி வைத்தார்கள் என்று அந்த நாட்டையே 1964-இலிருந்து ஒலிம்பிக்குக்கு வெளியே நிறுத்தினார்கள். நிறவெறிச் சட்டங்கள் ஒழிந்த பிறகு, 1992-இல்தான் உள்ளே விட்டார்கள்.

நாடுகளின் கதை போலத்தான் பெண்களின் கதையும். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், சுதந்திரத்துக்குப் பிறகு முதன்முதலாக, நம் தேசத்துப் பெண்கள் நான்கு பேர் கலந்துகொண்டார்கள். இருவர் ஓடினார்கள், இருவர் நீந்தினார்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் வைத்தார்கள். நம் பி.டி. உஷா ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை விட்டார். அதில் தங்கம் வாங்கிய நவால் எல் முத்தவக்கில், மொராக்கோ நாட்டுப் பெண். 2012-இல் லண்டனில் சவூதி அரேபியா முதன்முதலாகப் பெண்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான சாரா அத்தார் தலையை மூடிக்கொண்டு ஓடியது எந்தப் பந்தயம் தெரியுமா? அதே 800 மீட்டர்! கடைசியாகத்தான் வந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"அதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை, நமக்கெதற்கு?" என்கிறீர்களா? சரி, நம் ஊருக்கே வருவோம்.

மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். அங்கே பிறந்தவர் ரேவதி வீரமணி. சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். ரேவதியையும் தங்கச்சியையும் கூலி வேலை பார்த்து வளர்த்தது பாட்டிதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ரேவதி வெறுங்காலில் ஓடினதைப் பயிற்சியாளர் கண்ணன் பார்த்தார். பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். பாட்டி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரிலிருந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வர 40 ரூபாய் வேண்டும். கூலிக்காரப் பாட்டி எங்கே போவார்? போதாததற்கு, பெண்பிள்ளையை ஏன் விளையாட விடுகிறாய் என்று கேட்க ஆட்களும் இருந்தார்கள்.

அந்தப் பாட்டி கடைசியில் சம்மதித்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைத்தன. 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில்கூட ரேவதி வெறுங்காலில்தான் ஓடினார். 2021-இல் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 வினாடியில் முடித்து டோக்கியோவுக்குப் போனார். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி நடந்த ஒலிம்பிக் அது.

அவர் ஓடியது ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடர் ஓட்டம். ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயமே அப்போதுதான் முதல் தடவை. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒரே பேட்டன் கைமாறிக் கைமாறிப் போக வேண்டும். நம் அணியில் ஓடிய நான்கு பேரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என்று மூன்று பேர் தமிழ்நாடு! நேரம் 3 நிமிடம் 19.93 வினாடி. தகுதிச் சுற்றில் எட்டாவதாக வந்தார்கள். பதக்கம் இல்லை. ஆனால் ஒரு சுற்றுக்கூட ஓட விடாத உலகம், ஆணும் பெண்ணும் தோளோடு தோள் ஓடும் இடத்துக்கு வந்தபோது, அந்தப் பேட்டன் சக்கிமங்கலத்துப் பெண்ணின் கையில் இருந்ததே! அதற்கு ஈடாக எந்தப் பதக்கத்தைச் சொல்வது?

இன்னொரு மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா. காது கேளாத பிள்ளை. மாநகராட்சிப் பள்ளி மாணவி. 2022 மே மாதம் பிரேசில் நாட்டில், காது கேளாதோருக்கான ஒலிம்பிக்கில், பேட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அந்த விளையாட்டு விழா 1924-லேயே பாரிஸில் தொடங்கியது. அங்கே ஆடும்போது காது மெஷின் மாட்டக்கூடாது, எல்லாரும் சமம். "காது கேக்காத பிள்ளை, வீட்டோட இருக்கட்டும்" என்று பெற்றவர்கள் நினைத்திருந்தால் அந்த மூன்று தங்கம் எங்கே வந்திருக்கும்?

எல்லாக் கதையும் இப்படி இனிப்பாகவே முடிந்துவிடுவதில்லை, அதையும் மறைக்கக்கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோரின் மகள். 2006-இல் தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அதுவும் 800 மீட்டரில்தான். பிறகு 'பெண்தானா' என்று ஒரு பரிசோதனை வைத்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய விஷயம் ஊரெல்லாம் செய்தியானது. அவர் பட்ட அவமானத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. அத்தனைக்குப் பிறகும் எழுந்து நின்று, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பந்தய நியாயத்துக்கு விதி வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் அந்த விதிக்குள்ளே ஒரு மனுஷி இருக்கிறாள் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயமாகியிருக்கிறது. இனி எந்த வீட்டுப் பிள்ளைக்கும் சாந்திக்கு நேர்ந்தது நேரக்கூடாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் தடவையாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி இடம் ஒதுக்கினார்கள். 22 பேரில் ஆரம்பித்தது சரிபாதிக்கு வர 124 வருஷம். ஆனால் உலகம் இடம் ஒதுக்கினால் போதுமா? நம் வீட்டு வாசற்படியைத் தாண்டினால்தானே பிள்ளை அங்கே போக முடியும்? அந்த வாசற்படியில் நிற்பது வேறு யாருமில்லை, நாம்தான்.

அதனால் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்.

ஓடுவதால் பெண்பிள்ளைக்குக் கர்ப்பப்பை இறங்காது. அது இடுப்புக்கூட்டுக்குள் தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடித்தபடி பத்திரமாக இருக்கிறது. கர்ப்பப்பை இறங்கும் தொந்தரவு பெரும்பாலும் பிரசவங்களுக்குப் பிறகு, வயதான காலத்தில் வருவது. இன்னும் சொன்னால், இந்த வயதில் ஓடி விளையாடும் பிள்ளைக்கு எலும்பு உறுதிப்படும். அந்த உறுதி பிற்காலத்துக்கும் சேமிப்பு.

மாதவிலக்கு நாட்களில் உடம்புக்கு முடிந்தால் தாராளமாக விளையாடலாம். சிலருக்கு ஓடியாடினால் வலிகூடக் குறையும். முடியவில்லை என்றால் ஓய்வெடுக்கட்டும். அந்த முடிவைப் பிள்ளையிடமே விடுங்கள்.

இந்த வயதில் இரத்தச் சோகை சுலபமாக வரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகை, முட்டை, சாப்பிடுகிற வீடானால் ஈரல், இவற்றில் ஏதாவது தினம் சேருங்கள். கீரையோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு காபி, டீ கொடுத்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

வயசுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம். ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்யும் பிள்ளைக்குத் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் நின்றாலோ, அளவுக்கு மீறிப் போனாலோ, அடிக்கடி தலை சுற்றினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஓட்டம் குற்றவாளி இல்லை, சாப்பாடு போதவில்லை என்றுதான் இருக்கும்.

அளவான உள்ளாடை, காலுக்குப் பொருந்தும் ஷூ, இரண்டும் அவசியம். மைதானத்தில் கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்ற இடம் உண்டா, யார் பயிற்சி தருகிறார்கள், பெண் ஆசிரியை இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளை ஒருநாள் முகம் வாடி வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். பயத்துக்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டாம், கூடப் போனால் போதும்.

சடங்கன்று நான் குத்துவிளக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு ஜோடி ஓட்ட ஷூ வாங்கிக்கொண்டு போனேன். மணையில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்த பிள்ளை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா!" என்று கத்தியதில் தாய்மாமன் கொண்டுவந்த சீர்கூடக் கொஞ்சம் பின்னால் போய்விட்டது. அவள் அப்பா முகம் கடுகடு என்று ஆனதையும் பார்த்தேன்.

இந்த ஒரு மாதத்தில் அவர் முழு மனசோடு சம்மதித்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். "இந்த வருஷம் மட்டும்" என்று கெடு வைத்திருக்கிறார். ஆனால் நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கோலம் போட வாசலுக்கு வந்தால், எதிர்வீட்டிலிருந்து பிள்ளை ஷூவோடு இறங்குகிறாள். பின்னாலேயே, கையில் தண்ணீர்ச் செம்போடு அவள் அப்பத்தா! கர்ப்பப்பை இறங்கிப் போகும் என்றவர்தான்.

"எங்கே பெரியம்மா, விடிஞ்சும் விடியாம?" என்றேன்.

"வேற எங்கே? இவ ரெண்டு சுத்து ஓடணுமாம்ல. தனியா விட முடியுமா? நான் ஓரமா உக்காந்து எண்ணிக்கிறேன்" என்றார்.

உங்கள் வீட்டில் யார் எண்ணப் போகிறீர்கள், சகோதரிகளே?