அரண் எது, மறைப்பு எது?

தமிழ்ப் பட்டிமன்ற மேடைகளில் அலுக்காத தலைப்புகளுள் ஒன்று வாலி வதை. இராமன் மறைந்து நின்று அம்பெய்தது அறமா என்று கேட்டுவிட்டால் போதும், இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. கம்பனே அந்தக் கேள்வியை வாலியின் வாயால் கேட்க வைத்துவிட்டதால், எந்த நடுவர் தீர்ப்புச் சொன்னாலும் வழக்கு முடிவதில்லை. மறைந்து நின்று தாக்குவது வீரமாகாது என்ற எண்ணம் நம் மரபில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மார்பில் பட்ட காயத்தை விழுப்புண் என்று போற்றியவர்கள் நாம். மகன் புறமுதுகிட்டு இறந்தான் என்று பிறர் சொல்லக் கேட்டு, உண்மை அறியப் போர்க்களத்துக்கே வாளோடு சென்ற தாயைப் புறநானூறு காட்டுகிறது.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த இளையர் ஒருவர், தொடக்கக் கல்லூரியையோ பலதுறைத் தொழிற்கல்லூரியையோ முடித்த கையோடு தெக்கோங் தீவுக்குப் போகிறார். 1967ஆம் ஆண்டு தேசிய சேவை தொடங்கியதிலிருந்து சிங்கப்பூர் இளையர்கள் தலைமுறை தலைமுறையாக இத்தகைய பயிற்சிக்குச் சென்றுவருகிறார்கள். அங்கே அவருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று, நெஞ்சை நிமிர்த்தி நிற்காதே என்பதுதான். படு, ஊர்ந்து செல், மறைவிடத்தைத் தேடு, அங்கிருந்து சுடு, அடுத்த மறைவிடத்துக்கு ஓடு. புறநானூற்று வீரர் இதைப் பார்த்தால் முகம் சுளித்திருக்கக்கூடும். ஆனால் பயிற்சி முடித்து வந்த நம் மாணவர்கள் பலரும் உடற்பயிற்சியையும் உணவையும் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வேண்டிய பாடம் இது என்பது என் கருத்து. போர்க்களத்துக்கு வெளியேயும் உயிர் காக்கும் ஓர் உண்மை இதற்குள் இருக்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சுட்டுக்கொண்டே நகர்வது என்றால், சினிமாவில் வருவதுபோல் ஓடிக்கொண்டே இரு கைகளாலும் சுடுவதல்ல. ஒருவர் சுடும்போது மற்றவர் நகர்கிறார். நகர்ந்தவர் மறைவிடத்தை அடைந்து சுடத் தொடங்கியதும் முதலாமவர் நகர்கிறார். எதிரி தலையைத் தூக்க முடியாதபடி ஒருவர் பார்த்துக்கொண்டால்தான் இன்னொருவரால் எழுந்து ஓட முடியும். அந்த ஓட்டமும் 3 முதல் 5 விநாடிக்குள் முடிய வேண்டும் என்பது உலகக் காலாட்படைகள் பலவற்றின் பொதுவான கணக்கு. எதிரி நம்மைக் கண்டு, குறிபார்த்து, விசையை அழுத்துவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். எனவே ஓடத் தொடங்கும் முன்பே எங்கே போய் விழப்போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். எழுந்த பிறகு இடம் தேடுபவர் அந்த 5 விநாடியைத் தாண்டிவிடுவார்.

அந்த இடம் எப்படிப்பட்டது என்பதில்தான் இப்பாடத்தின் உயிர்நாடி இருக்கிறது. ராணுவம் இரண்டு வகை மறைவிடங்களைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, தோட்டாவைத் தடுப்பது: மண்மேடு, தடித்த கான்கிரீட் தூண், வாகனத்தின் இயந்திரம் இருக்கும் பகுதி. மற்றொன்று, பார்வையை மட்டும் தடுப்பது: புதர், திரைச்சீலை, மரப்பலகைக் கதவு, புகை. முதலாவதை அரண் என்றும் இரண்டாவதை மறைப்பு என்றும் நாம் சொல்லலாம். வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக வைத்த சொல் அரண். நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகியவற்றை அவர் அரணாக எண்ணினாரே தவிரக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதை எண்ணவில்லை.

மறைப்பும் தேவையானதே. எதிரிக்கு நாம் தெரியாத வரை அது நம்மைக் காக்கும். அதை அரண் என்று நம்பிவிடும்போதுதான் ஆபத்து வருகிறது. சிங்கப்பூரில் உருவாக்கப்பட்டு 1999இல் அறிமுகமான எஸ்.ஏ.ஆர். 21 துப்பாக்கி 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடுகிறது. அது குழலை விட்டு விநாடிக்கு 900 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் புறப்படுகிறது. அந்தத் தோட்டாவுக்கு வீட்டுக் கதவும் கார்க் கதவும் காகிதத்தைவிடச் சற்றுத் தடித்தவை, அவ்வளவே. தமிழ்ப் படத்தில் கார்க் கதவைத் திறந்து அதன் பின்னே பத்து நிமிடம் சண்டையிடும் கதாநாயகன், உண்மையில் முதல் நிமிடத்திலேயே விழுந்திருப்பான்.

அரண் கிடைத்த பிறகும் அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். புதியவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். பயத்தில் அது இயல்பு. ஆனால் ஒட்டி நிற்பவருக்குச் சுவருக்கு அப்பால் அதிகம் தெரியாது. துப்பாக்கி முனையும் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டு, அவர் வருவதை முன்கூட்டியே அறிவித்துவிடும். சுவரில் பட்டுச் சிதறும் தோட்டாக்களும் சுவரை ஒட்டியே பாயக்கூடியவை. ஆகவே ஓர் அடி இரண்டு அடி பின்னால் நின்று, மூலையைச் சிறிது சிறிதாக, துண்டு துண்டாகப் பார்த்து நகர வேண்டும். சுவரின் வலப்பக்கத்திலிருந்து சுடுவது வலக்கைக்காரருக்கு எளிது. இடப்பக்கத்திலிருந்து சுட நேர்ந்தால் உடலின் பெரும்பகுதி வெளியே தெரியும். துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொள்ளலாமே என்றால், தோட்டா உறை முகத்துக்கு அருகிலேயே வலப்புறம் வெளியேறும் வகைத் துப்பாக்கிகளில் அது அவ்வளவு எளிதன்று. இப்படி ஒவ்வொரு மூலையும் ஒரு கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு: முன்னே ஓடும் தோழர் நம் சுடும் எல்லைக்குள் வந்துவிட்டால், எதிரி எதிரிலேயே நின்றாலும் சுடுவதை நிறுத்த வேண்டும். எப்போது சுடக்கூடாது என்று அறிவது இப்பயிற்சியின் சரிபாதி.

பயிற்சியில் இதை எப்படிச் சோதிப்பது? உண்மைத் தோட்டாவால் ஒருவரை ஒருவர் சுட்டுப் பார்க்க முடியாது. அதனால் உலகப் படைகள் பலவும் வெற்றுத் தோட்டாவோடு லேசர் கருவியைப் பயன்படுத்துகின்றன. துப்பாக்கியிலிருந்து ஒளிக்கதிர் புறப்படும். எதிராளியின் உடையிலுள்ள கருவியில் பட்டால் ஒலி எழுப்பும். மிகப் பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் இதில் பலரும் சுட்டிக்காட்டியுள்ள ஒரு குறை உண்டு. ஒளிக்கதிரை ஓர் இலைகூடத் தடுத்துவிடும். புதருக்குப் பின்னே படுத்தவர் பயிற்சியில் தப்பித்துவிடுவார். பத்து முறை அப்படித் தப்பித்தவருக்குப் புதரே அரண் என்ற நம்பிக்கை வந்துவிடும். எதைத் தவிர்க்கச் சொல்லித் தந்தோமோ, அதையே பழக்கமாக்கி அனுப்பிவிடுகிறோம்.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. புதரை அரண் என்று நம்பும் இந்தத் தவறு தனி வீரரோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பிரிவே, ஓர் அமைப்பே இத்தவற்றைச் செய்ய முடியும். “இத்தனை நாள் இப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்ற பழக்கம் ஒரு மறைப்பு. அது ஆபத்தைக் கண்ணிலிருந்து மறைக்கும், ஆபத்தைத் தடுக்காது. எழுதப்பட்ட பாதுகாப்பு விதிதான் அரண். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதற்கு நாம் ஏற்கெனவே ஓர் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

2012 ஏப்ரல் 17 அன்று, லிம் சூ காங் வட்டாரத்திலுள்ள முராய் நகர்ப்புறப் பயிற்சித் தளத்தில், முழுநேர தேசிய சேவையாளர் ஒருவர் பயிற்சியின்போது மூச்சுத்திணறி மயங்கி விழுந்து, பின்னர் உயிரிழந்தார். கட்டடங்களுக்கிடையே வீரர்கள் நகர்வதை மறைக்கப் புகைக் குண்டுகள் வீசப்பட்டிருந்தன. அந்தப் புகையிலிருந்த துத்தநாகக் குளோரைடு ஏற்படுத்திய கடுமையான ஒவ்வாமையே மரணத்துக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. விசாரணைக் குழுவின் முடிவுகளை அன்றைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் இங் எங் ஹென் அதே ஆண்டு நவம்பர் மாதம் நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். விதிப்படி அந்தப் பயிற்சிக்கு இரண்டு புகைக் குண்டுகளுக்கு மேல் பயன்படுத்தியிருக்கக்கூடாது. வீசப்பட்டவை ஆறு.

இரண்டுக்கும் ஆறுக்கும் இடையே இருந்தது என்ன? பகையோ வஞ்சமோ இல்லை. பயிற்சி உண்மைபோல் இருக்க வேண்டும் என்ற ஆர்வமாக இருக்கலாம். புகைதானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணமாக இருக்கலாம். அந்த மனத்துக்குள் புகுந்து பார்க்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் ஒன்று தெளிவு. புகை என்பது மறைப்பு. அங்கே உண்மையான அரணாக இருந்தது காகிதத்தில் எழுதியிருந்த ‘இரண்டு’ என்ற எண். அரணை விட்டு வெளியே வந்துவிட்டு மறைப்பை மேலும் மேலும் அடர்த்தியாக்கினார்கள்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் உண்டு. “போரில் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? எல்லாவற்றுக்கும் விதி போட்டால் பயிற்சி பிள்ளை விளையாட்டாகிவிடும். வியர்வை சிந்தாத பயிற்சி போரில் குருதி சிந்தும்” என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. கடினமில்லாத பயிற்சி வீரரை ஏமாற்றும் பயிற்சியே. ஆனால் கடினம் வேறு, கணக்கற்ற தன்மை வேறு. சுட்டுக்கொண்டே நகரும் கலை முழுவதும் கணக்கால் ஆனது. 5 விநாடி என்பது ஒரு கணக்கு; சுடும் எல்லை என்பது ஒரு கணக்கு. இந்தக் கணக்குகளை இளையரின் மனத்தில் பதிய வைக்கும் பயிற்சி, தன் கணக்கைத் தானே மீறினால், அது எதைக் கற்றுக்கொடுக்கும்? விதியை மீறுவதே துணிவு என்றுதான் கற்றுக்கொடுக்கும்.

துணிவைப் பற்றி வள்ளுவருக்கு வேறு கருத்து இருந்தது. ஊக்கமுள்ளவன் ஒடுங்கியிருப்பதை, பாய்வதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடாவோடு ஒப்பிடுகிறார் அவர், காலமறிதல் அதிகாரத்தில். பின்வாங்குவதும் பொறுத்திருப்பதும் கோழைத்தனம் என்று அவர் கருதவில்லை. விழுப்புண்ணைப் போற்றிய அதே மரபில்தான் இந்தக் குறளும் இருக்கிறது. நாம் எதை எடுத்துக்கொள்கிறோம் என்பது நம் கையில்.

2019ஆம் ஆண்டு தொடக்கத்தில், வேறு சில உயிரிழப்புகளுக்குப் பிறகு, சிங்கப்பூர் ஆயுதப் படையில் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. வரவேற்க வேண்டிய நடவடிக்கை. ஆயினும் அலுவலகம் எல்லா மூலைகளிலும் நிற்க முடியாது. மூலையில் நிற்பவர் ஒரு பத்தொன்பது வயது இளையர். அவருக்குப் பக்கத்தில் அதைவிட ஓரிரு வயது மூத்த அதிகாரி. அந்த இருவருக்கும் இடையே நடப்பதுதான் பாதுகாப்பு.

எனவே மூன்று யோசனைகள். முதலாவது, பயிற்சிக்கு முன் தரப்படும் பாதுகாப்பு விளக்கத்தில் எல்லை எண்களைப் பயிற்சி பெறுபவர்களும் அறிந்திருக்க வேண்டும். எத்தனை குண்டு, எவ்வளவு இடைவெளி என்பது அதிகாரியின் கோப்புக்குள் மட்டும் இருந்தால், அது மீறப்படும்போது சொல்வதற்கு ஆளிருக்காது. இரண்டாவது, “நிறுத்துங்கள்” என்று குரல் கொடுத்தவரைக் கேலி செய்யும் வழக்கம் ஒழிய வேண்டும். பத்து முறை காரணமின்றி நிறுத்தியதால் வீணாவது பத்து நிமிடம். ஒரு முறை நிறுத்தாததால் போவது என்ன என்று ஒரு குடும்பத்துக்குத் தெரியும். மூன்றாவது, பயிற்சி முடிந்ததும் எத்தனை பேரைச் சுட்டோம் என்று பேசுவதோடு, எங்கே மயிரிழையில் தப்பினோம் என்றும் பேச வேண்டும். புதருக்குப் பின்னே படுத்துத் தப்பித்தவரிடம், “லேசருக்குத் தப்பினாய், தோட்டாவுக்குத் தப்பியிருக்க மாட்டாய்” என்று அங்கேயே சொல்ல வேண்டும்.

இதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களே, உங்களில் பலர் இன்று பயிற்சி பெறும் இடத்தில் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் முகாம் பயிற்சிக்குத் திரும்பும்போது பிரிவுக்கோ அணிக்கோ தலைமை தாங்குகிறீர்கள். வெளியே பொறியாளர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆய்வுக்கூடப் பொறுப்பாளர்களாகவும் இருக்கிறீர்கள். தேசிய சேவைக்குப் போகாத தோழியரும் அத்தகைய பொறுப்புகளில் இருக்கிறார்கள். அங்கெல்லாம் ஏதோ ஒரு ‘இரண்டு’ எழுதப்பட்டிருக்கும். அதை ஆறாக்கிக் காட்டச் சொல்லி அவசரம் வந்து நிற்கும். உங்களை நம்பி எழுந்து ஓடும் ஒருவர் எப்போதும் முன்னே இருப்பார்.

அரண் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கும் விதம் வியப்பானது. எத்தனை சிறப்புகள் அமைந்த அரணாக இருந்தாலும், உள்ளே இருப்பவர்களிடம் செயல்திறம் இல்லையென்றால் அது இல்லாததற்குச் சமம் என்கிறார். நம் விதிப்புத்தகங்கள் உயர்ந்த மதில்களே. அவற்றின் உள்ளே நிற்கிறோமா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.