மிலிட்டரி கோட்டும் வாய்ச்சொல் வீரர்களும்

எங்க கோவில்பட்டிப் பக்கம் பட்டாளத்துல இருந்து வந்தவுக வீட்டுல ஒரு முரட்டு மிலிட்டரி கோட்டு கண்டிப்பா தொங்கும். கரிசல் வெயிலுக்கு அது எதுக்குன்னு கேக்காதீங்க, மார்கழிப் பனியில மக்காச்சோளக் காட்டுக்குப் பன்னிக் காவலுக்குப் போறப்ப தெரியும் அதோட அருமை.

2016 நவம்பர்ல ஏடிஎம் வாசல்ல நின்னு முனகுனவங்ககிட்ட "சியாச்சின்ல சிப்பாய் நிக்கலையா?"ன்னு பாடம் எடுத்தாங்களே, அந்த தேசபக்தர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அந்தச் சிப்பாய் கால்ல என்ன கிடந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களாய்யா? 2015 நவம்பர்ல இருந்து 2016 செப்டம்பர் வரைக்கும் உயரமான மலையில நிக்கிறவங்களுக்குப் புது பூட்ஸ் வரலை. இருந்த பழசையே சரிபண்ணி ஓட்டியிருக்காங்க. பனிக்கண்ணாடிப் பற்றாக்குறை 62-ல இருந்து 98 சதவீதம். நான் சொல்லலை சாமி, 2020 பிப்ரவரியில நாடாளுமன்றத்துல வச்ச சிஏஜி அறிக்கை சொல்லுது.

1962-லயும் பருத்திச் சட்டை, கேன்வாஸ் ஷூவோட மலையேத்தி விட்டவங்கதானே நாம! (இத்தனைக்கும் ஆவடியில ராணுவ உடை தைக்கிற ஆலை 1961-லயே வந்தாச்சு.)

"அது பழைய கணக்கு, இப்ப சரியாயிருச்சு"ன்னு ராணுவத் தரப்புல பதில் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா நீங்க அவரு பேரைச் சொல்லி எங்க வாயை அடைச்சதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் அவரு பழைய பூட்ஸோடதான் நின்னாரு. அன்னைக்கு அவருக்காக ஒரு வரி எழுதுனீங்களா?