முரளிக்காகச் சண்டை பிடிக்கும் காக்காமாருக்கு: நம்ம பொடியன்மாரின் முதுகுக்கு யார் பொறுப்பு?



கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நம்ம ஊர் தேத்தண்ணிக் கடைகளில் இஷாவுக்குப் பிறகு நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியும். முரளியா, ஷேன் வோர்னா? போன கிழமை ஒருவர் மேசையில் தட்டிச் சொன்னார்: "முரளி சிம்பாப்வேயையும் பங்களாதேசையும் அடிச்சுத்தானே 800 எடுத்த!" சுற்றி நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள். ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை.

சரி, பார்ப்போம். முரளி 133 டெஸ்ட், 800 விக்கெட். பங்களாதேசுக்கு எதிராக 89, சிம்பாப்வேக்கு எதிராக 87. இரண்டையும் அப்படியே தூக்கி எறியுங்கள். மிஞ்சுவது 108 டெஸ்டில் 624. வோர்னுக்கும் அதே கத்தரிக்கோல்தான். 145 டெஸ்டில் 708, அந்த இரண்டு அணிகளையும் கழித்தால் 142 டெஸ்டில் 691. ஆக, ஒரு டெஸ்டுக்கு முரளி ஏறத்தாழ 5.8, வோர்ன் 4.9. அதோடு, வோர்னுக்கு மற்றப் பக்கம் மெக்ரா நின்றார். முரளிக்கு வாஸ் நின்றார், பல நாள் வேறு யாருமில்லை. 1998இல் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்த மனிசனை "சின்ன அணிகளை அடித்தவர்" என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

மற்றப் பக்கத்தையும் சொல்கிறேன். அவுஸ்திரேலிய மண்ணில் முரளிக்கு 5 டெஸ்டில் 12 விக்கெட்தான், சராசரி 75. அது பலவீனம்தான். ஆனால் இந்திய மண்ணில் வோர்னின் சராசரியும் 43. எந்தப் பெரிய ஆளுக்கும் ஒரு மண் ஒத்துவராது.

இனி ஐபிஎல் ஏலக்காரர்களுக்கு. இவர்கள் பெருமையைக் கோடியால் அளக்கிறார்கள். 2022 ஏலத்தில் வனிந்து ஹசரங்கவின் விலை 10.75 கோடி இந்திய ரூபா. 2023 டிசம்பர் ஏலத்தில் அதே ஹசரங்க 1.5 கோடி. அதற்கடுத்த ஏலத்தில் 5.25 கோடி. இடையில் அவர் லெக்ஸ்பின்னை மறந்து, பிறகு ஞாபகப்படுத்திக்கொண்டாரா? அந்த விலை அணிகளின் பையில் மிஞ்சிய காசுக்கும், அன்றைக்கு அவர்களுக்கு இருந்த ஓட்டைக்கும் போட்ட விலை. ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்கு மாறினதுக்காக நம்ம ஊரில் ரெண்டு மச்சான்மார் ஒரு மாதம் பேசாமல் இருந்தது தனிக் கதை.

இதுவெல்லாம் வாய்ச்சண்டை. யாருக்கும் நட்டமில்லை. ஆனால் இதே கண்ணால் நாம் நம்ம வீட்டுப் பொடியன்மாரையும் பார்க்கத் தொடங்கிவிட்டோம். நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை. பதினைந்து வயது. பெயர் சொல்ல மாட்டேன். தோளுக்குக் கீழால் கையைச் சுழற்றி மாலிங்க மாதிரி எறிவான், யோக்கர் காலடியில் விழும். ஊருக்கே அவன் "குட்டி மாலிங்க". போன லீவில் ஒரு சனிக்கிழமை காலையில் பாடசாலைக் கடினப்பந்துப் போட்டியில் 9 ஓவர் போட்டான். அன்றிரவு லைட் வெளிச்சத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி, மூன்று ஆட்டம், ஆளுக்கு 2 ஓவர் வீதம் 6. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கழகம் ஒன்று அவனை இரவல் கேட்டது. நம்ம கழகத்தார் கொடுத்தார்கள். இறுதிப்போட்டி வரை நாலு ஆட்டம், 8 ஓவர். கூட்டிப் பாருங்கள்: இரண்டு நாளில் 23 ஓவர், வைட் போலைச் சேர்க்காமலே 138 பந்து. கூலி ஒரு ஜேர்சியும் ஒரு பிரியாணிப் பார்சலும்.

திங்கட்கிழமை அவனுக்குக் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியவில்லை. வாப்பா வெளிநாட்டில். உம்மா தைலம் பூசிவிட்டிருக்கிறார்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்குப் பல வருடம் வைத்திருந்த கணக்கு இது: 14, 15 வயதுப் பிரிவுகளுக்கு ஒரு தொடரில் 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர். அதற்கு மேல் கப்டன் கேட்டாலும் இல்லை. காரணம் சுகம் பார்ப்பதல்ல. அந்த வயதில் முதுகின் கீழ் எலும்பு இன்னும் முற்றவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் நிலத்தில் அடித்து ஊன்ற, முதுகு வளைந்து முறுகுகிறது. ஓய்வில்லாமல் அதையே செய்தால் எலும்பில் மயிரளவு வெடிப்பு விழும். முதலில் வெறும் நோவாகத்தான் தெரியும். பிறகு மாதக்கணக்கில் பந்தைத் தொட ஏலாது.

"அதெல்லாம் சொகுசு சேர்" என்பவர்களுக்கு ஒரு பெயர்: பெட் கம்மின்ஸ். 18 வயதில், 2011 நவம்பரில், ஜொஹனஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட். 7 விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்டை எப்போது ஆடினார்? 2017 மார்ச்சில். ஐந்து வருசத்துக்கு மேல், முதுகு முறிவும் மற்றக் காயங்களும். கம்மின்ஸுக்குப் பக்கத்தில் வைத்தியர், ஸ்கான், சம்பளம் எல்லாம் இருந்தது. நம்ம பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பது தைலப்போத்தல்.

அமெரிக்கர்களின் பேஸ்போலை நாம் ஒருத்தரும் பார்ப்பதில்லை. அங்கேயும் இதே சண்டைதான்: யார் பெரிய ஆள், யாரை எந்த அணிக்கு மாற்றினார்கள், அடுத்த நட்சத்திர எறிகாரன் யார். ஆனால் சின்னப் பிள்ளைகளின் லிட்டில் லீக்கில் பந்தை எண்ணுகிறார்கள். 15, 16 வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு 95 பந்துதான் எறியலாம். 76 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நாலு நாள் ஓய்வு. எறிகாரர்களின் முழங்கைத் தசைநார் கிழிந்து, அதற்கென்று 1974இல் ஒரு சத்திரசிகிச்சையே கண்டுபிடிக்க வேண்டி வந்த நாடு அது. பட்டுத்தான் எண்ணத் தொடங்கினார்கள். நாமும் பட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

ஒரு காக்கா என்னிடம் கேட்டார், "மாலிங்கவும் மென்பந்தில் எறிந்து வந்தவர்தானே?" உண்மை. ரத்கமவில் மென்பந்தில் வளர்ந்தவர்தான். ஆனால் பதினேழு வயதளவில் கடினப்பந்துக்கு வந்தபோது சம்பக ராமநாயக்க என்ற பயிற்றுநர் கையைப் பிடித்தார். அப்படியிருந்தும் 30 டெஸ்ட், 101 விக்கெட், 27 வயதில் முழங்கால் நோவோடு டெஸ்டை விட்டார். நம்ம குட்டி மாலிங்கவின் கையைப் பிடிக்க ஆள் எங்கே? அவனுடைய ஜேர்சியைப் பிடித்து இழுக்கத்தான் மூன்று கழகம் நிற்கிறது.

முரளியின் கதையில் நீங்கள் சொல்லாத ஒரு துண்டு இருக்கிறது. கண்டி சென். அந்தோனிஸ் கல்லூரியில் அவர் முதலில் மிதவேகப் பந்து வீசியவர். பதினாலு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ பார்த்து, சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். அன்றைக்கு ஒரு கிண்ணம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பார்க்க ஒரு பெரியவர் இருந்தார். 800 அங்கேதான் தொடங்கியது.

கழக நிர்வாகிகளிடம் கேட்பது பெரிய விசயமில்லை. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு நாளைக்கு 12 ஓவர், மென்பந்தும் கடினப்பந்தும் சேர்த்து. இரவல் கொடுக்கும்போது அவன் அந்தக் கிழமை போட்ட ஓவரை ஒரு துண்டில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். இரவலுக்கு உம்மா, வாப்பாவின் சம்மதம் வேண்டும், ஆடப்போகும் பிள்ளையின் தலையாட்டல் போதாது. ஸ்கோர் எழுதுகிற பொடியனுக்கு இன்னொரு நிரல் போட்டால் வேலை முடிந்தது. கொப்பி நான் வாங்கித் தருகிறேன்.

பெருநாள் சுற்றுப்போட்டியின் விதிமுறைக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு மைதானத்தில். நான் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொண்டு வருவேன். முரளிக்காக மேசையில் தட்டியவர்கள் அத்தனை பேரும் வாருங்கள், எதிர்த்துப் பேசவாவது வாருங்கள். அந்தப் பிள்ளை இந்த முறை ஆடமாட்டான். உம்மாவிடம் பேசிவிட்டேன், செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகிறார்கள்.