கல் நடாதவர்கள்

பிலடெல்பியாவுக்கு வெளியே மகள் வீட்டில் சில மாதங்கள் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் எழுபதைத் தாண்டிய, ஓய்வு பெற்ற ஆசிரியை. ஒருநாள் "என் முன்னோரைப் பார்க்கலாம், வாருங்கள்" என்று பழைய இடுகாடு ஒன்றுக்கு அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால் வெறும் புல்தரை. "இங்கேதான் எங்கோ இருக்கிறார்" என்றார். ஒரு கல் இல்லை, ஒரு பெயர் இல்லை.

அவர் முன்னோர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். கல்லறைக்குக் கல் நடுவதே வீண் பெருமை என்பது பழைய குவேக்கர்களின் கட்சி. உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் பின்னால் போன இவர்கள், நீதிபதி முன்னாலும் தொப்பியைக் கழற்றவில்லை. யாரிடமும் ஒருமையில்தான் பேசினார்கள். நம்மூர் கலெக்டரை 'நீ' என்று கூப்பிட்டுப் பாருங்கள், அவர்கள் பட்ட பாடு புரியும். சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்ததற்கும் சிறை. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வில்லியம் பென்னின் தகப்பனாருக்கு அரசர் இரண்டாம் சார்லஸ் 16,000 பவுண்டு பாக்கி வைத்திருந்தார். அதற்கு ஈடாக 1681இல் பென்னுக்குக் கிடைத்ததுதான் பென்சில்வேனியா. லெனாபி மக்கள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது அரசருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

1682இல் பென் வந்த 'வெல்கம்' கப்பலில் ஏறியவர்கள் சுமார் நூறு பேர். அதில் முப்பது பேரைப் பெரியம்மை நடுக்கடலிலேயே கொண்டுபோனது. கப்பலின் பயணிகள் பட்டியல் மிஞ்சவில்லை. அதனால் வசதியாகப் போயிற்று, வீட்டுக்கு வீடு ஒரு தாத்தாவை அதில் ஏற்றிவிட்டார்கள். அம்மாள் வீட்டிலும் அந்தக் கதை உண்டு. அவர் தேடிக் கண்டுபிடித்த முதல் தாளே அதை உடைத்துவிட்டது. அந்த மூதாதைத் தாத்தா பல வருஷம் கழித்து, வேறு ஏதோ கப்பலில் வந்தவர்.

அந்தத் தாள் ஒரு நன்னடத்தைச் சான்று. குவேக்கர் ஒருவர் ஊர் மாறினால், பழைய ஊர்க் கூட்டம் (சபையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) புதிய ஊர்க் கூட்டத்துக்கு எழுதித் தரவேண்டும்: ஒழுங்கானவர், கல்யாணப் பேச்சு எதிலும் மாட்டிக்கொள்ளாதவர் என்று. கல்யாணத்துக்குப் பாதிரியார் கிடையாது. மணமக்கள் எல்லார் முன்னாலும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். வந்திருந்த அத்தனை பேரும் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். நம் வீட்டு மொய் நோட்டு மாதிரி, ஒரே தாளில் ஊரே இருக்கும். மாதந்தோறும் கூட்டம், கூட்டத்துக்கு மினிட்ஸ் புத்தகம். கல் நடாதவர்கள் காகிதத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு கல்லூரி நூலகங்களில் அவை பத்திரமாக இருக்கின்றன.

படிப்பதில்தான் ஒரு பொறி. மாதப் பெயர்களில் பழைய ரோமானிய தெய்வங்கள் இருப்பதால், குவேக்கர்கள் 'முதல் மாதம்', 'இரண்டாம் மாதம்' என்று எண்ணால்தான் எழுதுவார்கள். 1752க்கு முன்னால் அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். அம்மாளின் தாத்தாவுக்கு 1702 இரண்டாம் மாதம் கல்யாணம், 1702 பன்னிரண்டாம் மாதம் குழந்தை. அதாவது ஏப்ரலும் பிப்ரவரியும். மாதத்தைச் சரியாக மாற்றிய அம்மாள் வருஷத்தை மாற்ற மறந்துவிட்டார். குழந்தை கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முந்திக்கொண்டது! "ஒரு வாரம் தூக்கமில்லை" என்றார். சித்திரையில் வருஷம் பிறக்கிற ஊர்க்காரனுக்கு இது உடனே பிடிபட்டது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1703.

இந்தப் புத்தகங்களில் நல்லவர்களுக்கு மூன்றே வரி: பிறந்தார், மணந்தார், இறந்தார். தப்புச் செய்தவர்களுக்குத்தான் பக்கம் பக்கமாக இடம். கென்டக்கிக்கு வழி திறந்த டேனியல் பூன் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் ஸ்குவயர் பூன், பென்சில்வேனியாவின் எக்ஸெட்டர் கூட்டத்துக்காரர். 1742இல் மகள் குவேக்கர் அல்லாதவரை மணந்தாள். அப்பா கூட்டத்தின் முன் தப்பை ஒப்புக்கொண்டார். 1747இல் மகனும் அப்படியே செய்தான். இந்தமுறை அப்பா பணியவில்லை. 1748இல் அவரைத் தள்ளி வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் குடும்பமே வட கரோலைனா பக்கம் வண்டி கட்டிவிட்டது.

தள்ளி வைப்பது என்றால் நமக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் எதற்கு அவசரப்பட்டார்கள், எதற்கு ஆறப்போட்டார்கள் என்பதையும் அதே காகிதம் சொல்கிறது. 1688இல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர், அடிமை வைத்திருப்பது தகாது என்று கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். 'இது எங்களுக்கு மிஞ்சிய விஷயம்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் தாள் கைமாறி, கடைசியில் கிடப்பில் போனது. பென்னே அடிமைகளை வைத்திருந்தவர்தான். அடிமை வைத்திருப்பவரைத் தள்ளி வைப்பதென்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776இல். மகன் கல்யாணத்துக்கு ஒரே வருஷம். இதற்கு எண்பத்தெட்டு.

அம்மாள் கடைசியாகக் காட்டிய நகல் அந்தச் சமயத்தைச் சேர்ந்தது. தாத்தாவின் பேரன் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். அதில் ஒரு பெண்ணின் பெயரும் வயதும் இருந்தன. அப்பா பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை. "இதைக் கண்டுபிடித்த அன்று, தேடுவதை நிறுத்திவிடலாமா என்று தோன்றியது" என்றார்.

எனக்குக் கொள்ளுத்தாத்தா பெயரோடு நூல் அறுந்துவிடும். அம்மாளுக்கு முந்நூறு வருஷம் பின்னால் போக வழி இருக்கிறது. இந்தப் பத்திரம் அந்தக் கதையின் நடுவில் வருகிற ஒரு பக்கம். அந்தப் பெண்ணின் வம்சத்தில் யாராவது தேடிக்கொண்டு வந்தால், அவர்களுக்கு இதுதான் முதல் பக்கமாக இருக்கும்.